நாகவல்லி அம்மையார் தண்ணீரில் தள்ளச் சொன்ன வண்டி

தலைமை ஏற்றிருக்கும் நலச்சங்கத் தலைவர் ரவிச்சந்திரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, போட்ட வேலையைப் போட்டபடி வந்திருக்கும் நம் கோவில்பதாகை ஊர்ப் பெருமக்களே! உங்கள் செயலாளர் வேம்புலி பேசுகிறேன். இந்த மைக்கில் குப்பை வண்டிக்காகப் பேசியிருக்கிறேன், தெருவிளக்குக்காகக் கத்தியிருக்கிறேன். நாகவல்லி அம்மையாருக்கு இரங்கல் சொல்ல இதைப் பிடிப்பேன் என்று நினைத்தவன் இல்லை.

எனக்கு முன் பேசியவர் அம்மையாரை சாந்த சொரூபி என்றார். சாந்த சொரூபியா! அந்த வாய்க்குப் பயப்படாதவர் இந்த மண்டபத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன். பந்து அந்த வீட்டுக்குள் விழுந்தால் பந்தை மறந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுத் துலுக்கானம் அண்ணனோடு நடந்த சண்டையை நான் எத்தனை முறை விலக்கியிருப்பேன்! எல்லாச் சண்டைக்கும் காரணம் ஒன்றே ஒன்று. அந்த வண்டி.

சிவப்பு நிறத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் 'சேப்பு வண்டி' என்று கூப்பிட்ட அந்தக் கார் இத்தாலியில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். உலகத்தில் இன்னும் சிலதான் மிச்சம் என்று வந்து பார்த்த நிபுணர்களெல்லாம் சொன்னார்கள். கப்பலில் வரவழைத்தவர் ஒரு ஜமீன்தார். அவரிடமிருந்து ஒரு ஹைகோர்ட் நீதிபதி வாங்கினார். அவருக்குப் பின் பேர்போன ஒரு நாட்டியக்காரம்மா. கடைசியில் வந்து சேர்ந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த அம்மையாரின் கணவர், நம் தட்சிணாமூர்த்தி ஐயாவிடம். ஞாயிற்றுக்கிழமையானால் அம்மையாரைப் பக்கத்தில் உட்கார வைத்து பூந்தமல்லி வரைக்கும் போய்வருவார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற வண்டி. அதனால் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மையார்தான் ஓட்டுகிறார் என்று சிக்னலில் நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அம்மையாரும் கெத்தாக உட்கார்ந்திருப்பார்.

ஐயா காலமான பிறகு அந்த வண்டி தெருவுக்கு வரவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அம்மையார் தன் இடத்தில் உட்கார்ந்து, எட்டிச் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். ஏனம்மா சும்மா ஓடவிடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "சும்மா இல்ல வேம்புலி. இந்தச் சத்தம் கேட்டா அவரு ஊட்ல கீறா மாரி கீது" என்றார்.

மழைத் தண்ணீர் அந்த வண்டியைத் தொடக்கூடாது என்று ஷெட்டுக்குள் இடுப்பளவு உயரத்துக்கு ஐயா கான்கிரீட் மேடை போட்டு, வண்டி ஏற ஒரு சரிவும் வைத்திருந்தார். வண்டி நிற்கும் அளவுக்குத்தான் மேடை. அதனால்தான் மழைத் தண்ணீர் தன் வீட்டுப்பக்கம் திரும்புகிறது என்று துலுக்கானம் அண்ணன் சண்டைக்குப் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறகு அண்ணன் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். சண்டையை அவர் மனைவி கோமளா ஏற்று நடத்தினார்.

அப்போதுதான் அந்தப் புயல் வந்தது. நினைவிருக்கிறதா? விடியும்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அண்ணனின் கட்டில் நனைய ஆரம்பித்துவிட்டது. மாடி இருந்ததே என்பீர்கள். ஒரு ஆள் ஒருக்களித்து ஏறுகிற இரும்புப் படியில், தலை நிற்காத மனிதரை எப்படித் தூக்கிப்போவது? கோமளா தெருவில் நின்று கதறினார். நாங்கள் நாலு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அப்போது கேட்டைத் திறந்துகொண்டு வந்தது யார்? அந்த அம்மையார்தான்!

"வண்டியக் கீய தள்ளுங்க. கட்டில மேல போடுங்க" என்றார். எங்களுக்குக் கை வரவில்லை. ஜட்ஜ் ஐயா ஓட்டிய வண்டியாச்சே அம்மா, என்று இழுத்தேன். "எம் புருசன் ஓட்ன வண்டி. எனுக்குத் தெரியாதா? தள்ளுயா!" என்றார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டது அவர் கைதான். வண்டி சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போனது. அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் படகு வரும்வரை அண்ணன் அந்த மேடையில் நனையாமல் கிடந்தார். அதோ, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

வண்டி பிழைக்கவில்லை. எங்கெங்கிருந்தோ மெக்கானிக்குகள் வந்தார்கள். எஞ்சினுக்குள் சேறு போய்விட்டது, இனி ஓடாது என்று கையை விரித்தார்கள். கோமளா பழத்தட்டோடு போய் நின்றபோது அம்மையார் கேட்டிலேயே மறித்தார். "தேங்க்ஸ்னு இன்னொருத்தரு வாயத் தொறந்தா உண்டு இல்லன்னு பண்ணிடுவேன். அத்தச் சொல்ல சொல்ல, வண்டி தண்ணில முயுவுனது கண்ணுல வருது" என்றார். தெருவுக்கே அது கட்டளை. அடுத்த வாரமே குழாய்த் தண்ணீருக்காகக் கோமளாவோடு சண்டையும் போட்டார். நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் அம்மையார் சத்தமில்லாத அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் பார்க்காதவர்கள்போல் நடந்தோம். எத்தனை கொடுமை அது, ஐயா!

போன வாரம் அம்மையாருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸில் கூடப் போனவர் கோமளாதான். அப்போதும் அவர் அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்திருக்கிறார். அம்மையார் கையை ஆட்டி, வேண்டாம் என்றாராம். அத்தோடு கண்ணை மூடிவிட்டார்.

அம்மையாரின் அண்ணன் மகன் கிஷோர் இங்கே வந்திருக்கிறார். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட ஆள் வந்ததாகவும், தான் சம்மதிக்கவில்லை என்றும் சொன்னார். தம்பி, நீங்கள் நல்லா இருக்க வேண்டும். சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன்: ஐப்பசி பிறந்தால் ஷெட்டில் இருக்கும் அந்த மேடையைக் காலியாக வைத்திருப்போம். எழுந்து நடக்க முடியாதவர் எந்த வீட்டில் இருந்தாலும், முதல் மழைக்கே அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம். அது எங்கள் பொறுப்பு.

முடிக்கும் முன் எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. நான்தான் போடச் சொன்னேன். இப்போது வேண்டாம் என்கிறேன். அவர் பேச்சுக்குப் பயந்து இத்தனை நாள் மௌனமாக இருந்தது போதாதா? இன்றைக்கு நம்மை அதட்ட அவர் இல்லை. அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

முதலில் துலுக்கானம் அண்ணன் சொல்லட்டும். நாக்கு குழறும், நேரமாகும். காத்திருப்போம். மைக்கை அவரிடம் கொடுங்கள்.