கடைசி ஆள் அணைக்கும் விளக்கு

அவைத்தலைவர் ஐயாக்கண்ணு அவர்களே, மலைச்சரிவில் ஏர் பூட்டி மண்ணைப் பொன்னாக்கிய பெரியவர்களே, காப்பிப் பழம் பறித்த கையோடு கூட்டத்துக்கு ஓடி வந்த தாய்மார்களே! ஒண்டிக்கடை மளிகைக்காரன் முகமது யூசுப்பின் வணக்கம்.

கடல் இல்லை, கட்டுமரம் இல்லை, கரை தொடும் அலையும் இல்லை. இருந்தும் தலைச்சோலை ஏற்றத்தில் நிற்கும் கல்தூணுக்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர் வைத்தோமே, ஏன்? பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. வேலை முடிந்து ஏறி வருகிறவர்களுக்காக அந்தக் காலத்து எஸ்டேட்காரர்கள் நட்ட தூண் அது. எஸ்டேட் கைமாறியது, விளக்கு ஊர்ப்பொதுவானது. எண்ணெய் போனது, மின்சாரம் வந்தது.

மாறாதது நம் வழக்கம்! முதலில் ஏறுபவர் ஏற்றுவார். தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அறிந்தவர் அணைப்பார். ஊர் அடங்கியும் விளக்கு எரிந்தால், ஓர் ஆள் இன்னும் வரவில்லை என்று பொருள். உடனே ஊரே தேடிப் புறப்படும்.

போன மழைக்காலத்தில் என்ன செய்தோம்? குறித்த நேரத்தில் தானாக அணையும் சுவிட்சை மாட்டினோம். மாட்டிவிட்டுக் கைதட்டினோம்! நானும்தான் தட்டினேன்.

என்ன, தம்பி சக்தி? "தினமும் நின்னு அணைக்க யாருக்குங்க நேரம்?" என்கிறாயா? நல்ல கேள்வி, சாமி. அணைக்க நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கை, எல்லாரும் வந்தாயிற்றா என்று யோசித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட்டது. இயந்திரம் யாரை யோசிக்கும்?

சுவிட்ச் மாட்டிய அதே வாரம், தனியாக வசிக்கும் மாதம்மாள் பாறையில் வழுக்கி ஓடைக்குள் விழுந்தார். கால் முறிந்தது. விளக்கு நேரத்துக்கு அணைந்தது. நாமும் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டோம். விடிந்து, காப்பி பறிக்கப் போன மேனகாதான் முனகலைக் கேட்டு ஆட்களை அழைத்து வந்தார்.

நேற்று மாதம்மாளைப் பார்க்கப் போனேன். "ஏனுங்கம்மா, சத்தம் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"போட்டேனுங்க. வெளக்கு எரியற வரைக்கும், எப்படியும் தேடி வருவீங்கன்னு நொம்ப தைரியமா இருந்தேன். அது அணைஞ்சதும் கத்தறத நிறுத்திட்டேனுங்க."

நிறுத்திவிட்டாராம்! சுவிட்ச் கெட்டுப் போகவில்லை, ஐயா. அது சரியாகத்தான் வேலை செய்தது. கைவிட்டவர்கள் நாம்!

ஆகவே அவைத்தலைவர் அவர்களே, பழைய கைச்சுவிட்சை இன்றே மாட்ட வேண்டும். சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள்! ... மாதம்மா, நீங்கள் எழ வேண்டாம். கை தெரிகிறது.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வெளியே மூட்டம் இறங்கிவிட்டது. ஏறும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். வணக்கம்.