செம்மண் நிறத்தில் ஒரு சுவர்

“உப்பு வேண்டாங்க ஐயா, மோர் இப்படியே போதும். நீங்க கேட்டதுக்குத்தான் வர்றேன்.”

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நான் கெட்டவன் போலத் தெரிவேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஞானமதி கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிகிறது. இரண்டு வருடம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். உங்கள் மகளும் கேட்கட்டும், அப்பாண்டைநாதன் ஐயா. எனக்கு மறைக்க எதுவும் இல்லை.

எங்கள் முதுநிலைப் படிப்பு, கணினி எந்திரத்தையும் மரபுக் கைவேலையையும் சேர்த்துக் கட்டடம் கட்டுவதைப் பற்றியது. விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி மாடியில் ஒரு எந்திரக் கை இருக்கிறது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் சுற்றினோம். பிறகு ஒரு வாரம் அது அசையவில்லை. குங்குமம் மூட்டுக்குள் போயிருந்தது. மரபும் தொழில்நுட்பமும் இணைந்ததற்கு எங்களிடம் இருந்த முதல் சான்று அதுதான்.

ஆய்வேடு எழுத ஆளுக்கொரு மரபு வேண்டும் என்றார்கள். ஒருவன் பானையை எடுத்துக்கொண்டான். ஒருத்தி பாயை எடுத்துக்கொண்டாள். எனக்குச் சுண்ணாம்பு மிஞ்சியது. சுண்ணாம்புச் சுவர் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல வெளியே விடும். மனிதர் விடும் மூச்சின் ஈரத்தைக்கூட. எந்திரம் அடுக்கடுக்காகப் பிழிந்து எழுப்பும் சுண்ணாம்புச் சுவரும் அதைச் செய்யுமா என்பது என் கேள்வி. கேள்வி நல்ல கேள்வி என்று எல்லாரும் சொன்னார்கள். அதைக் கட்டிப் பார்க்க இடம்தான் இல்லை.

அப்போதுதான் ஞானமதி சொன்னாள். “எங்க வூட்டுக்கு மாதாஜிங்க வந்தா தங்க ஒரு ரூமு கட்டணும்னு அப்பா சொல்லிக்கினே கீறாரு. நீ வந்து பேசிப் பாரேன்.” ஊர் ஊராக வெறுங்காலோடு நடந்து வரும் உங்கள் சமணப் பெண் துறவிகளைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வந்தேன். வேர்க்கடலை காயப்போடும் களத்தின் ஓரத்தைக் காட்டினீர்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள்.

“தம்பி பூவரசா, செவுரு கோணலா வந்தாலும் பரவால்ல. உசுருல இருந்து வந்த பொருளு ஒண்ணு கூட உள்ள போவக் கூடாது. மேஸ்திரிங்க முட்டை ஊத்துவாங்க, தோலக் காய்ச்சுன வஜ்ஜிரப் பசை கலப்பாங்க. நமக்கு வேணாம். தேன் கூட வேணாம்.”

தேன் சேர்க்கவே இல்லை ஐயா. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நீங்கள் கூலிக்கு வைத்த சின்னபொண்ணு சுண்ணாம்பு அரைத்தார். வெல்லத் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் ஊற்றி அவர் அரைத்துக் கொடுப்பதைக் குழாயில் ஏற்றினால் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த எந்திரக் கை வளைந்து வளைந்து பிழியும். முதல் நாளே அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “இன்னா தம்பி, இம்மாம் படிச்சிட்டு இடியாப்பம் புழிஞ்சிக்கினு கீறியே. தேங்காப்பாலு எப்ப வரும்?” களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நாலாவது அடுக்கு ஏறியதும் சுவர் உட்கார்ந்துவிடும். கலவையைக் கெட்டியாக்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும். தளர்த்தினால் சரியும். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. கல்லூரியில் சுவரைக் காட்ட வேண்டிய தேதி நெருங்கியது. பானை எடுத்தவன் முடித்துவிட்டான். பாய் எடுத்தவள் அதைச் சுருட்டி வைத்து மாநாட்டுக்கே போய்வந்துவிட்டாள்.

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறவன். எந்திரம் நின்றுபோகும் மதியங்களில் உங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, பனியில் புதைந்த ஊர்களில் வாழ்ந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு நாவலில் ஒரு விதவை தன் வீட்டுத் தரையைச் சுண்ணாம்பும் மாட்டு ரத்தமும் கலந்து மெழுகியிருந்தாள். கருஞ்சிவப்பாக, கல்போல அது தலைமுறைகளுக்குக் கிடந்தது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். இலக்கியத்தால் பயனில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

மாட்டை நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. திண்டிவனத்தில் ராஜ்குமார் என்பவரின் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் கேட்டேன். அவர் ஒரு கேன் நிறையப் பிடித்துக் கொடுத்தார். “உப்பு போட்டு கலக்கிக்கினே போங்க, இல்லாட்டி கட்டிக்கும். மெஸ்ஸா நடத்துறீங்க?” என்றார். காலேஜ் என்றேன். “அடேங்கப்பா, ஆஸ்டலு பசங்க நல்லா வளருதுங்க,” என்றார். பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மா, பதநீரா என்று கேட்டார்.

சுவர் நின்றது ஐயா. பத்து அடுக்கு, இருபது அடுக்கு, கூரை வரை. குழாய் ஒருமுறைகூட அடைக்கவில்லை. காய்ந்த பிறகு மழைக்குப் பிந்தைய வயல் போல ஒரு நிறம் வந்தது. உங்கள் உறவினர்கள் தடவிப் பார்த்து, செம்மண் கலந்தது என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது எப்படிப் பொய்யாகும்?

சின்னபொண்ணுக்கு மட்டும் மூக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. “கறிக்கட நாத்தம் அடிக்குதே நயினாரு,” என்று உங்களிடம் வந்து சொன்னார். வெல்லத் தண்ணீரை அவர் ஊறவிட்டுப் புளிக்க வைத்துவிட்டார், அந்த நாற்றம்தான் என்று நான் சொன்னேன். நீங்கள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றீர்கள். அவர் போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும்.

பிறகு மழைக்காலத்துக்கு மாதாஜி வந்தார். நாலு மாதம் ஒரே ஊரில் தங்குவார், பகலில் ஒரு வேளை மட்டும் கையேந்திச் சாப்பிடுவார், மின்விசிறி போட மாட்டார் என்று ஞானமதி சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. வெளியே சுற்றாத, ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் உறங்கும், காற்றைக் கலைக்காத ஒரு மனிதர். ஆய்வு செய்கிற எவனுக்கும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். சுவருக்குள் ஈரமானிகளைப் புதைத்து வைத்திருந்தேன். மாதாஜியை வீட்டிலேயே தங்க வைக்கலாம் என்று நினைத்தவர் நீங்கள். புது அறைதான் குளிர்ச்சி என்று வற்புறுத்தியவன் நான். அதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அவர் உட்காரும் முன் மயிற்பீலியால் தரையை மெல்லத் தள்ளி, எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். எழுபத்தெட்டு வயதில் குனிந்து பார்ப்பார். ஒருநாள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இதுல கை வெச்சா மனசு அடங்குது கொழந்தே. இன்னா மண்ணு இது?” என்றார்.

செம்மண் என்றேன். அது பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய மன அமைதியைக் கலைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன வாரம் கல்லூரிக்கு நடுவர்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நிபுணர், இந்த உறுதி எப்படி வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஐயா, ஒரு மனிதன் எவ்வளவு காலம் தன் கண்டுபிடிப்பை அடக்கி வைக்க முடியும்? சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். நெறிமுறை பற்றி ஒரு கேள்வி வந்தது: ஆடு ஏற்கெனவே செத்திருந்ததா? ஆமாம் என்றேன். எல்லாருக்கும் நிம்மதி. திரையில் எனக்காகப் படங்களை ஓட்டிக்கொண்டிருந்த ஞானமதி மட்டும் அடுத்த படத்துக்குப் போகவில்லை. நான் இரண்டு முறை சைகை காட்டினேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஞானமதி வந்து சொன்னதும் மாதாஜி அந்த அறையைவிட்டு எழுந்து, கடலை மூட்டை அடுக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் தங்கிச் சாப்பிட்ட ஒவ்வொரு நாளுக்கும் கழுவாயாக உபவாசம் என்கிறார். தண்ணீரும் வேண்டாம் என்கிறார். உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

இதற்காகத்தான் என்னை வரச்சொன்னீர்கள் என்பது புரிகிறது. சற்றுமுன் நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேன். “உண்மையான்னு ஒருதபா என் மூஞ்சியப் பாத்து சொல்லிடு. அப்பால அவங்ககிட்ட போயி, ‘அது செம்மண்ணுதான், கைதட்டலுக்கு ஆசப்பட்டு மேடையில உளறிட்டேன்’னு சொல்லு. பொய் சொன்ன பாவம் எனக்கே வரட்டும் தம்பி. அவங்க ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்.” நீங்கள் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை என்று ஞானமதி சொல்லியிருக்கிறாள்.

உண்மைதான் ஐயா. அது ரத்தம். நான்தான் வாங்கினேன், நான்தான் கலக்கினேன், தெரிந்தேதான் அவரை உள்ளே உட்கார வைத்தேன். முதல் பாதிக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் பாதியைத்தான் என்னால் செய்ய முடியாது. முடிவுகளை வெளியிட்ட பிறகு மாற்றிச் சொல்வது ஆய்வு நேர்மைக்கு முரணானது. அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

கோபப்படாமல் கேளுங்கள். மாதாஜி வெளியேறிய நாளிலிருந்து ஈரமானி வரைபடத்தில் கோடு கீழே விழுந்து கிடக்கிறது. இன்னும் ஒரு வாரத்து அளவு மட்டும்தான் பாக்கி. அவரைச் சாப்பிடச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். அது அவருடைய விரதம், அதை மதிக்கிறேன். மூச்சு மட்டும் இருந்தால் எனக்குப் போதும். கொட்டகையிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, அந்த அறையில் கொஞ்சம் படுக்க வைப்பீர்களா, ஐயா?