ஏழு இடத்தில் ஒரே சொல்

பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, நாள் முழுதும் நீராவியில் நின்று நம் சலவை ஆலையைத் தாங்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இஸ்திரிப் பிரிவின் பணிவான வணக்கம்.

நாளைக் காலை பத்து மணிக்கு நிர்வாகத்தார் ஓர் ஒப்பந்தத்தில் நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். நமக்குத் தந்த ஆங்கிலத் தாளில் என்ன இருக்கிறது? இஸ்திரிப் பிரிவை மூடுவது ‘டெம்பரரி’. தற்காலிகம். இரண்டே மாதம். படித்தேன், பரவாயில்லை என்று மகிழ்ந்தேன்.

பக்கத்து மேசையில் போர்வை மடிக்கும் மடிப்பம்மாவுக்கு ஸ்பானிஷ் தாய்மொழி. அவருக்கு அதே ஒப்பந்தத்தின் ஸ்பானிஷ் தாள். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ரெண்டு மாசந்தானே?” என்றேன்.

“இல்ல. மொத்தமா முடிஞ்சுது,” என்றார், நம்மிடம் கற்ற தமிழில்.

நம்பினேனா? இல்லை. நம்மைக் குழப்பப் பார்க்கிறாரோ என்று அவரையே சந்தேகப்பட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன். நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். தற்காலிகத்துக்கு ஸ்பானிஷில் ‘தெம்போரால்’. தாளில் ஏழு இடத்தில் இருப்பதோ ‘தெஃபினித்தீவோ’. இனி எந்நாளும் திறப்பதில்லை என்று பொருள். சொல்லா அது? சோற்றில் வைத்த சூழ்ச்சி.

கைத்தவறு என்கிறது அலுவலகம். ஓரிடத்தில் தவறினால் கைத்தவறு. ஏழு இடத்திலும் தவறுமா? தேதி சரி, துறையின் பெயர் சரி, மேலாளரின் பட்டம்கூடச் சரி. நம் வயிற்றைத் தொடும் சொல் மட்டும் தவறுமா? கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று: இரண்டு தாளும் முரண்பட்டால் ஸ்பானிஷ் தாளே செல்லும். ஆங்கிலத்தில் நாம் போடும் கையெழுத்து ஸ்பானிஷில் போய் விழும்.

என்ன, மொழிபெயர்த்தது யார் என்கிறீர்களா? மறைக்கமாட்டேன். என் மச்சான்தான். என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. நேற்று வீட்டுக்கு வந்தவனைக் கேட்டேன்.

“மாமா, நான் சரியாத்தான் எழுதினேன். மேலிடத்துல மாத்தச் சொன்னாங்க. என்னை வெளியில இழுக்காதீங்க, வேலை போயிடும்.”

அவன் அக்கா இருபது ஆண்டாக இஸ்திரிப் பிரிவில் நிற்பவள். ஒன்றுதான் கேட்டாள். “ஏழு இடத்துலயும் மாத்தும்போது ஒரு தடவைகூட என் ஞாபகம் வரலையாடா?”

யாரது, கடைசி வரிசையிலிருந்து எழுந்து வருவது? அவனேதான். கையில் ஒரு தாள். மாற்றச் சொல்லி மேலிடம் அனுப்பிய ஸ்பானிஷ் கடிதமாம். வழி விடுங்கள். ஆனால் கைதட்டாதீர்கள். உறவு என்பதற்காக நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள். நான் சந்தேகப்பட்டேனே, அந்த மடிப்பம்மாவிடம் தாளைக் கொடுங்கள். அவர் படித்து, ‘சரி’ என்று சொன்ன பிறகு என் மச்சானை நானே கட்டிக்கொள்கிறேன்.

இத்தனை நேரம் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லி, ஒலிபெருக்கியை அந்த அம்மாவிடம் தருகிறேன். வணக்கம்.