இடது பக்கத்து சீட்டு

“க்கா, அந்த கார் கிளப்புல சேரலாமா வேணாமான்னு நீயே சொல்லிடு. நீ இன்னா சொல்றியோ அதான்.”

“சேர்ந்தா இன்னா பண்ணுவாங்க?”

“இன்னா பண்ணுவாங்க? ஞாயித்துக்கிழமையானா எல்லாரும் வண்டிய எடுத்துனு ஒண்ணா எங்கனா போவாங்க. இட்லி துன்னுட்டுத் திரும்பி வருவாங்க.”

“இட்லி துன்றதுக்கா அந்த வண்டி?”

பாரி சிரித்தான். தோசையைக் கிள்ளிக்கொண்டே, “நீ கிண்டல் பண்ணாத. யோசிச்சு சொல்லு” என்றான்.

“சரி, யோசிச்சு சொல்றேன்” என்றேன்.

என் தம்பி என்னைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ததில்லை, மேடம். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அவன் கேட்டான், நான் யோசித்தேன். நடந்தது எல்லாம் அந்த யோசனையில் அடங்கும். நீங்கள் மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, மரியகுழந்தை மாமா, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கட்டையைப் போட்டேன் என்று அவர் சொல்வது உண்மை. கம்பி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்ப்பதற்குள் என் நகம் பெயர்ந்துவிட்டது.

எங்கள் அப்பா தங்கச் சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபோது பாரி ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. நான் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு துணி கம்பெனிக்குப் போய்வந்தேன். பிறகு பாரிக்கு அங்கேயே காலேஜில் இடம் கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனோம், ஒரே ரயிலில் வந்தோம். எனக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்களிடம், இவன் படிப்பு முடியட்டும் என்றேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மாலையில் திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது பெரும்பாடு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்கு. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அடுத்தவர் போட்ட கைக்குட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள். நான் ஓடிப்போய் ஒரு இடம் போடுவேன். பாரி உட்கார்ந்து படிப்பான். நான் அவன் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் தலைமுடியின் சுழியை நான் அவ்வளவு நாள் பார்த்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அந்தப் பிள்ளை போன வருஷம் ஒரு கார் வாங்கி வந்தான். இரண்டே பேர் உட்காரலாம். மேல் கூரை பின்னால் மடிந்துகொள்ளும். ஆரஞ்சு நிறம். சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது அதன் கூரை என் இடுப்புக்குத்தான் வந்தது.

“இன்னா பாரி, இது காரா கட்டிலா?” என்று மரியகுழந்தை மாமா கேட்டார். “ஏறி உக்காரணுமா, எறங்கிப் படுக்கணுமா?”

“சொரங்கத்துல கேஜ்ல ஏறி நிமிஷத்துல பாதாளத்துக்கு எறங்கிப் போனவரு நீங்க. இதுக்குப் போயி பயப்படறீங்களே மாமா.”

“கேஜ் என்னைத் திரும்பி மேல இட்டாந்து உட்டுச்சுடா. இது உடுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் கைக்குட்டையை எடுத்து இடது பக்கத்து சீட்டில் விரித்தேன். ஏன் விரித்தேன் என்றால், பழக்கம். பாரி அதை இரண்டு விரலால் எடுத்து என்னிடமே கொடுத்தான். “இன்னாக்கா, ட்ரெய்னுன்னு நெனச்சியா?” என்றான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஷில்பா அடுத்த மாதம் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாரியோடு வேலை செய்கிறவள். அந்த கிளப்பில் அவள் முன்பே இருந்தாள். நல்ல பெண். வாசலில் நுழையும்போதே “ஊட்ட ஆய்த்தா அக்கா?” என்று கன்னடத்தில், சாப்பாடு ஆச்சா என்று விசாரித்துக்கொண்டே வருவாள். சொல்லாமலே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அவள் மேல் கோபம் என்று எழுதாதீர்கள். இருந்ததில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று இது நடந்த ஞாயிற்றுக்கிழமைகூட மல்லிப்பூ வாங்கி வைத்திருந்தேன்.

கிளப் விஷயத்தை நான் நியாயமாகவே யோசித்தேன். சேர்வதில் நல்லது நிறைய இருந்தது. இப்படிப்பட்ட வண்டி வழியில் நின்றுவிட்டால் சாதாரண மெக்கானிக்குக் கை வைக்கத் தெரியாது. கிளப்பில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மழையில் எப்படி ஓட்டுவது, வளைவில் எப்படித் திருப்புவது என்று சொல்லித் தருவார்களாம். வேகமாகப் போக ஆசையிருந்தால் ஊர் ரோட்டில் போகாமல் அதற்கென்று இருக்கும் மைதானத்துக்குக் கூட்டிப்போவார்களாம். குடிக்கிறவர்களைச் சேர்ப்பதில்லையாம். பெற்றவளாக இருந்தாலும் இதற்கு மேல் என்ன கேட்பாள்?

எதிராக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை.

வாரம் முழுவதும் பெங்களூரில் இருப்பவன் சனிக்கிழமை சாயங்காலம் வருவான். ஞாயிறு காலையில் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி இரண்டு பேரும் பஞ்சசீலம் சொல்வோம். பிறகு நான் சமைப்பேன், அவன் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டே தூங்கிப்போவான். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள். கிளப் கேட்டதும் அதே நாளைத்தான். ஆனால் நான் என்னை நினைத்து முடிவு செய்யவில்லை. அவனுடைய பாதுகாப்பைத்தான் பார்த்தேன்.

புதிதாகச் சேர விரும்புகிறவர் ஒருமுறை கிளப்பைத் தன் ஊருக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு முன்னால் போகிற வண்டி அவருடையது. பாரி உடனே சொல்லிவிட்டான், சயனைடு மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று. தங்கம் எடுத்தபிறகு கொட்டிய மண்தானே, வெள்ளை மலை மாதிரி நிற்கிறது, வெளியூர்க்காரர்களுக்குப் படம் எடுக்க நன்றாயிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளியைக் கடந்தால் மேட்டின் அடிவாரம்.

அந்த வெட்டவெளியில் போன மழைக்கு ஒரு இடம் அடியில் உள்வாங்கியது. கீழே பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழக் குழி, ஒன்று இருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, காய்ந்து இறுகிய மண்தான். மரியகுழந்தை மாமா சுரங்கத்தில் மரம் நிறுத்தும் வேலை பார்த்தவர். அவர்தான் நடந்து பார்த்துக் கண்டுபிடித்தார். உடனே இரண்டு கட்டையைப் பெருக்கல் குறி மாதிரி கட்டி, சுண்ணாம்பு அடித்து நட்டுவிட்டார்.

இது கீழே சுரங்கத்திலிருந்து வந்த பழக்கம். எந்த வழி மோசமோ அங்கே கட்டையைக் குறுக்கே கட்டிவிடுவார்கள். அதைத் தாண்டக்கூடாது. போட்டவர் தவிர வேறு யாரும் எடுக்கவும் கூடாது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் எங்கள் லைனில் குளிருக்கு அடுப்பு மூட்ட விறகில்லாதவன்கூட அந்தக் கட்டையில் கை வைக்க மாட்டான். எங்கள் பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் ஊறியது. வெளியூர்க்காரன் என்றால் தெரியாத மண்ணில் இறங்கி, காலால் தட்டிப் பார்த்துத்தான் வண்டியை விடுவான். எங்கள் ஊர்ப் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான். கட்டை இருந்தால் ஒதுங்குவான். கட்டை இல்லையென்றால் நிலம் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு போவான்.

“உன் தம்பிகிட்ட சொல்லிவைம்மா, அந்த எடம் மோசம்” என்று மாமா என்னிடம் சொன்னார்.

“சொல்றேன் மாமா” என்றேன்.

மறக்கவில்லை. சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போகும் வழியில் கட்டையை அவிழ்த்து எடுத்துவந்தேன். வீட்டில் விறகும் குறைவாக இருந்தது. வருகிறவர்களுக்குப் பின்கட்டில் பெரிய அடுப்பு மூட்டி பிரியாணி செய்வதாக ஏற்பாடு. நல்ல காய்ந்த மரம். சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் புகைந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான். வண்டியின் ஒரு சக்கரம் இறங்கும். வயிறு தரையில் தட்டுகிற வண்டி, தானாக ஏற முடியாது. எல்லாரும் கூடித் தூக்குவார்கள். வந்தவர்களுக்கு ஊர் பிடிக்காது, பாரிக்கு வெட்கமாகப் போகும், கிளப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவனே சொல்லிவிடுவான். நான் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லி அவன் மனதை நோகடிக்க வேண்டியிருக்காது.

அவனுக்கு ஆபத்து வராதபடிதான் யோசித்தேன். உள்வாங்கிய இடம் வண்டித்தடத்தில் இடது சக்கரம் ஏறும் ஓரம். ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருவான். மாமாவின் கட்டை நட்டிருந்த குழியில் நின்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, இதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

பிறகு குளித்துவிட்டு பாரியோடு உட்கார்ந்து பஞ்சசீலம் சொன்னேன். முதல் சீலம் உயிரைக் கொல்வதில்லை என்பது. மனசாரத்தான் சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வந்தன. லைனே வேடிக்கை பார்த்தது. எல்லாரும் மரியாதையானவர்கள், என்னைக் கும்பிட்டார்கள். புறப்படும் நேரத்தில் ஷில்பா பாரியின் வண்டியில் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, வாங்க. மொதல் நாளு வீட்டுக்காரங்கதான் பக்கத்துல உக்காந்துக்கணும். எங்க கிளப்புல அதான் பழக்கம். நான் பின்னாடி வண்டில வரேன்.”

பாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே, “அக்காவுக்குக் கார்னா தல சுத்தும், உடு ஷில்பா” என்றான்.

எனக்குத் தலை சுற்றுமா இல்லையா என்று எனக்கே தெரியாது, மேடம். நான் அதில் ஏறியதில்லை.

“இல்ல, நீங்க வாங்க அக்கா” என்று அவள் மறுபடியும் என் கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். சொன்னேன். பிரியாணி அடிபிடித்துவிடும் என்று சொன்னேன். பூவை அவள் தலையில் வைத்து, “நீ போம்மா, அவனுக்குப் பக்கத்துல நீ உக்காந்தாதான் லட்சணம்” என்றேன். அவள் வெட்கப்பட்டாள். அதுவரை அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கூரையைத் திறந்துவிட்டிருந்தார்கள். பின்னால் வரும் வண்டிகளைப் படம் பிடிக்க ஷில்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு சீட்டில் முட்டி போட்டுத் திரும்பியிருந்தாளாம். இது அவள் தப்பு. நான் பெல்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. அடுப்படியில் இருந்த எனக்கு மண் லாரி கொட்டுகிற மாதிரிதான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு ஷாஃப்ட் வாயில் சிக்கி நின்றது. பாரி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். கால் முறிந்திருந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது.

கீழே தண்ணீர். அவளை எடுக்க இரண்டு நாள் ஆனது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் பாரிக்கு நினைவு வந்ததும் ஷில்பா எங்கே என்று கேட்டான். நான் போர்வையைச் சரிசெய்தேன். அப்புறம் ஒன்று கேட்டான். “கட்ட இல்லியேக்கா. நான் பாத்துனுதான் போனேன். கட்ட இல்லியே.” அன்றிலிருந்து அது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறான். நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன், முதுகு துடைக்கிறேன். அவன் எங்கும் போவதில்லை. தலைமாட்டில் நிற்கும்போது பழையபடி அந்தச் சுழி தெரிகிறது.

கிளப்காரர்கள் முறை வைத்து வந்து போகிறார்கள். பழம் வாங்கி வருகிறார்கள், ரத்தம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் என் காலில் விழுந்து, நாங்கள் வந்திருக்கவே கூடாது அம்மா என்று அழுதார். அப்போதுதான் முடிவுக்கு வந்தேன். நல்ல மனுஷர்கள். ஒருத்தருக்கு ஒன்று என்றால் விட்டுவிட மாட்டார்கள். சேரலாம் என்றுதான் பாரிக்குச் சொல்லவேண்டும். அவன் கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். கால் சரியானதும் நீங்கள் அவனிடம் சொல்லுங்கள்.

மரியகுழந்தை மாமாவிடம் கட்டை எங்கே என்று நீங்கள் அதட்டியதாக எங்கள் லைனில் இருக்கும் பியாட்ரிஸ் வந்து சொன்னாள். அவர் போட்ட கட்டையை எடுத்து எரித்தது நான். வேண்டுமென்றுதான் எடுத்தேன். இடது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துதான் எடுத்தேன். எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன்.

உள்ளே வரும்போது பார்த்தேன். வண்டியைக் காம்பவுண்டில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறீர்கள். முன்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது, சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்குட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். துவைத்ததுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டிச் சத்தம் கேட்கும்போது பாரியிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். வாய் வரை வரும், சாப்டியா என்று கேட்டுவிடுவேன். இப்போது அவனிடம் கேட்க முடியாது. உங்களிடம்தான் கேட்கிறேன்.

“அந்த சீட்டுல ஒரே ஒருவாட்டி நான் உக்காந்துக்கட்டுமா, மேடம்?”