மூன்றாம் லைனில் இருந்த இன்னொரு கத்தி

கொய்யாப்பழத்தை அப்படியே கடித்துத் தின்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். விதை பல்லில் சிக்கும். புழு இருந்தால் பாதி உள்ளே போன பிறகுதான் தெரியும். நான்காக அறுத்து, மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்ன வேண்டிய பழம் அது. அதற்கு ஆளிடம் ஒரு கத்தி வேண்டும்.

நேற்று விசாரணையில் நீங்கள் என்னிடம் இந்த விஷயம் எதையும் கேட்கவில்லை, கோதண்டராமன் சார். வேலூரிலிருந்து வந்த விசாரணை அதிகாரிக்குத் திரும்பிப் போகிற அவசரம் இருந்திருக்கும். தப்பில்லை. கேட்காததையும் சேர்த்து என் கைப்பட எழுதிக் கொடுக்கிறேன்.

நான் விஜயகுமாரி. நம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூன்றாம் லைன் செக்கர். தைத்து வரும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகத் தோலை, பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. கம்பெனிக் கத்திகளுக்கு நம்பர் போட்டு மேஜையோடு கயிற்றில் கட்டியிருப்பார்கள். சொந்தக் கத்தி உள்ளே வரக்கூடாது. என்னுடையது 1994இலிருந்து வருகிறது.

உடைந்த ஆக்சா பிளேடைத் தேய்த்து, மெயின்டனன்ஸ் இன்பசேகரன் அண்ணன் செய்து கொடுத்தது. அலகு என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பிடிக்கு நூல் சுற்றி, லைனிங் தோல் துண்டில் உறை தைத்து, கறுப்புக் கயிற்றில் கழுத்தில் போட்டு ரவிக்கைக்குள் விட்டிருப்பேன். தாலிச் செயினோடு செயினாகக் கிடக்கும். கேட்டில் சோதனை போடும் பெண்கள் அங்கே கை வைக்க மாட்டார்கள். மடக்குக் கத்தி எனக்கு ஆகாது. திறக்க இரண்டு கை வேண்டும், நகம் உடையும், இடுக்கில் அழுக்கு சேரும்.

ஒன்பது வருஷம், லைனில் யாருக்கு என்ன அறுக்க வேண்டுமானாலும் "விஜயாக்கா, அத்தக் குடுங்க" என்பார்கள். பூச்சரம், பார்சல் கயிறு, பால் பாக்கெட், கிறிஸ்துமஸ் கேக். அறுத்து முடித்த மாத்திரத்தில் திரும்ப வாங்கித் துடைத்துப் போட்டுக்கொள்வேன். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் லீவு போடாமல் வந்த நாட்கள் உண்டு.

2003இல் வாணியம்பாடியிலிருந்து ஷஹீன் பானு வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். முதல் வாரமே கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது அவள் துப்பட்டா கதவில் மாட்டிக்கொண்டது. டிரைவர் தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டார். கழுத்து இறுக அவள் கூடவே ஓடினாள். நான் உள்ளிருந்து குனிந்து துணியை ஒரே இழுப்பில் அறுத்தேன். வேன் மொத்தமும் என்னைப் பார்த்தது. அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் ஒரு சிவப்புச் சாமானோடு வந்தாள்.

"உங்களப் பாத்துத்தான்க்கா எனக்கும் ஆசை. துபாய்ல இருக்குற அண்ணன்கிட்ட சொல்லி வாங்கினேன். எப்படி இருக்குது?"

மடக்குக் கத்தி. உள்ளே கத்தரிக்கோல், பாட்டில் திறப்பான், முள் எடுக்கும் இடுக்கி. பல்குச்சிகூட இருந்தது.

"நல்லா இருக்குது. கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தி" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து எல்லோரும் அவளிடம் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் அவள்மேல் கோபப்படவில்லை. கத்திக்குத் தேவையைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டு பேருக்கும் வேலை இருக்குமே என்று நியாயமாகத்தான் யோசித்தேன். டிபன் பைகளில் நைலான் நூலால் முடிச்சுப் போட்டு வைத்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே எங்கள் லைன் இவாஞ்சலின் கழற்றிப் போட்ட செருப்பின் வாரை முக்கால்வாசி அறுத்து வைத்தேன். சாயங்காலம் அது அறுந்தபோது பக்கத்திலேயே நின்று, ஓட்டை போட்டு, நூல் கோத்துக் கொடுத்தேன். நாலு நாளில் நாலு செருப்பு. ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, ஷஹீன் பானுவின் சாமானில் ஓட்டை போட ஒரு ஊசியும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வேறு வழி இல்லை. அந்தச் சிவப்புச் சாமான் கம்பெனிக்குள் வரக்கூடாது என்று மேலே இருப்பவர்கள் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அப்பர்களில் கை வைத்தேன்.

முதல் நாள் ஒரு தவறு செய்தேன். பழக்க தோஷத்தில் தோலின் உள்புறமான சதைப்பக்கத்திலிருந்து கீறிவிட்டேன். ஆடு உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கும். சூப்பர்வைசர் ஆலன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா தோல் அனுப்புறாங்க, ஒரே வெட்டு" என்று தோல் பதனிடும் டேனரிக்குப் போன் போட்டுத் திட்டினார். பன்னிரண்டு ஜோடி வீண். மறுநாளிலிருந்து மேல்பக்கத்தில், பாலிஷ் போட்ட பிறகு, தையலை ஒட்டி ஏழு மில்லிமீட்டர். முப்பத்தெட்டு ஜோடி. குறைவாக இருந்தால் திரும்பவும் ஆட்டின் தலையில் போட்டுவிடுவார்கள். பிறகு நானே ஆலனிடம் எடுத்துப் போய், "இது உரிச்ச வெட்டு இல்ல சார், நம்ம ஆளு போட்ட வெட்டு" என்று காட்டினேன். செக்கர் என்றால் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா.

பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். அவள் பையில் அந்தச் சாமான் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு விடுவார்கள் என்று நினைத்தேன். வேலையை விட்டே நிறுத்தப்போகிறார்கள் என்றபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் கேட்டருகில் உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். நேற்று வரை வாயைத் திறக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நேற்று நீங்கள் அவளிடம் கேட்டது நினைவிருக்கும். "அந்த லைன்ல வேற யார்கிட்டயாவது கத்தி இருக்குதாம்மா? இருந்தா சொல்லு, உனக்கு நல்லது."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு உங்களிடம் சொன்னாள். "இல்ல சார். என்கிட்ட மட்டும்தான்."

லைனே உட்கார்ந்திருந்தது. ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. உண்மை தெரிந்தாக வேண்டும் என்று மனசாட்சி உறுத்தியது. முப்பத்தெட்டும் நான் போட்டது. அந்த மடக்குச் சாமானால் அவ்வளவு சுத்தமாக வெட்டு விழாது. தோல் பற்றித் தெரிந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கத்தியை உறையோடு இந்தக் காகிதத்துடன் வைத்திருக்கிறேன். பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

அவளைத் திரும்ப வேலைக்கு எடுப்பதும் எடுக்காததும் கம்பெனி இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விஜயகுமாரியிடம் கத்தியே கிடையாது என்று அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னாளே, அதற்கு மட்டும் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.