பதினெட்டா, இருபதா?

இரவு ஒன்றே கால் இருக்கும். லாரிகள் மட்டுமே போகிற ரோடு. அன்றைக்கு மழை அடித்து ஓய்ந்திருந்ததால் லாரிகளும் இல்லை. வீடு இல்லை, கடை இல்லை... ஒரே ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரே ஒரு குண்டு பல்பு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தின்றுகொண்டிருக்கிறவர்கள் முதலில் தின்று முடியுங்கள். பிறகு வயிற்றைப் பிரட்டுகிறது என்று என்னைத் திட்டக் கூடாது.

இது என் கூட்டாளி ஒருவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. அவர் டீசல் மெக்கானிக். தொழிலில் அவருக்கு மோப்பம் என்று பேர். என்ஜின் எண்ணெயை முகர்ந்து பார்த்தே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார். மூக்கு அப்படி இருந்ததால் அருவருப்பும் அவருக்கு அதிகம். நாள் பூராவும் கிரீஸில் புரளுகிற மனுஷன், டீயில் ஓர் எறும்பு மிதந்தால் கிளாஸைத் தொட மாட்டார். "பட்டறைக்கு வாக்கப்பட்ட மகாராணி" என்று கூட இருப்பவர்கள் ஓட்டுவார்கள்.

அந்தக் கொட்டகைதான் அவர் பட்டறை. அன்றைக்கு அங்கே நின்றது அவருடைய தங்கச்சி வீட்டுக்காரன் வாங்கிய லாரி. பழசு. சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டான். யாரிடம் இருந்தது, ஏன் விற்றார்கள், எதுவும் கேட்கவில்லை. வீட்டுச் சாமான்களை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியாகிவிட்டது. விடிவதற்குள் கிளம்பி, மலை ரோட்டில் ஏறி இறங்கி, புது ஊருக்குக் குடிபோக வேண்டும். தங்கச்சியும் கைக்குழந்தையும் கொட்டகையை ஒட்டிய அறையில் படுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கேபினில் குறட்டை.

மோப்பத்துக்குத் தங்கச்சி என்றால் உயிர். அந்தக் குழந்தை அதற்கும் மேலே. கொண்டை ஊசி வளைவில் எண்ணெய் ஒழுகி என்ஜின் இறுகிப்போனால் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும், மூன்று பேரும் பள்ளத்தில்தான். அதனால், "பழைய ஆயிலோட மலையேற விட மாட்டேன் மாப்பிள்ளை, நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தார்.

என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தொட்டி ஒன்று இருக்கிறது. சம்ப் என்பார்கள். அதன் அடியில் ஒரு துளை. துளையை மூடுகிற மரை போட்ட போல்ட்தான் ட்ரெயின் பிளக். ஸ்பேனர் வைத்துக் கழற்றினார். பிளக் கையோடு வந்தது.

கூடவே அந்த வாடையும் வந்தது.

கைக்குழந்தை பாலைக் கக்கும் இல்லையா... அந்தத் துணியைத் துவைக்காமல் மூன்று நாள் மூலையில் போட்டு வைத்தால் அடிக்குமே, அந்தப் புளிச்ச வீச்சம். என்ஜின் எண்ணெயில் அந்த வாடைக்கு வேலையே இல்லை. பிளக்கைப் பார்த்தார். மரை முழுக்க வெள்ளை வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. "சீ!" என்று கத்தி, பிளக்கை அப்படியே வெளியே இருட்டில் விட்டெறிந்தார். மழைத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையில் 'ளொப்' என்று விழுந்த சத்தம் கேட்டது.

அங்கேதான் தப்பு பண்ணினார். பழைய பிளக்கை எந்த மெக்கானிக்கும் எறிய மாட்டான். புதுசு பொருந்தும்வரை பழசுதான் அளவு. அது போய்விட்டால் துளை என்ன அளவு என்று யாரிடம் கேட்பது? பல வருஷம் தொழில் பார்த்தவர், ஒரு நொடி அருவருப்பில் அதை மறந்துவிட்டார்.

எண்ணெய் தட்டில் வடிந்தது. கறுப்பாக, மேலே பாலாடை மாதிரி ஒன்று படிந்து வந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பிளக் டப்பாவைக் கொட்டித் தேடினார்.

பதினெட்டு மில்லிமீட்டர் பிளக்கை எடுத்து வைத்தார். இரண்டு சுற்று ஏறியது, பிறகு சும்மா சுற்றியது. லூஸ். சரி, இருபது என்று நினைத்து அதை வைத்தார். நுழையவே இல்லை. பதினெட்டுக்குப் பெரிய துளை, இருபதுக்குச் சின்னத் துளை... மரை தேய்ந்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பதினெட்டை வைத்தார்.

இப்போது பதினெட்டும் நுழையவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையில் இருந்த பிளக்கைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டப்பாவில் கிடந்தபோது தூசியும் கறையுமாக இருந்த பிளக். இப்போது பளபளவென்று இருந்தது. எண்ணெய்த் துளையில் விட்டு எடுத்ததில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. ஈரமாக, சுத்தமாக, நுனியிலிருந்து ஒரு நூல் இழுபட்டுத் தொங்கியது. எச்சில்.

இருபதையும் எடுத்துப் பார்த்தார். அதுவும் நக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

ஓடியிருக்கலாம் என்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் தொழில்காரன் புத்தி அப்படிப் போகாது. மரை எப்படி இருக்கிறது என்று பார்க்க, சுண்டு விரலைத் துளைக்குள் விட்டுத் தடவுவார்கள். பழக்க தோஷம். விட்டார்.

உள்ளே இரும்பு இல்லை. வெதுவெதுப்பாக, மெத்தென்று... பல் முளைக்காத ஈறு.

அது கவ்வியது. சப்... சப்... சப்... விரலை உறிஞ்சியது. அவசரமே இல்லாமல், பசியோடு. மோப்பத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கத்த வாயைத் திறந்தால் வாந்திதான் வரும் போல இருந்தது. இழுத்தார். விடவில்லை. நாக்கு மாதிரி ஒன்று விரலைச் சுற்றி வளைத்தது. நகத்துக்கு அடியில் இருந்த அழுக்கைக்கூட அது விடவில்லை.

அந்த நேரம் அறையில் குழந்தை அழுதது. "ங்கா..." என்று ஒரே வீறல்.

உடனே கவ்விய பிடி விட்டது. விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. துளை அகலமாகத் திறந்துகிடந்தது, சுற்றிலும் சாதாரண மரை, சாதாரண இரும்பு. இதுதான் சமயம் என்று அவர் கை தன்னால் வேலை செய்தது. பதினெட்டைச் செருகினார். சுற்றினார். அச்சு வார்த்த மாதிரி ஏறியது. ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். மனசு ஆறாமல் இன்னும் கால் சுற்று.

குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. வாயைப் பொத்தின மாதிரி.

தாய்க்காரி பால் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்து சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினார். புது எண்ணெயை ஊற்றினார். தேன் நிறத்தில் இறங்கியது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. தங்கச்சி பத்திரமாக மலையேறி இறங்கிவிடுவாள்.

"அண்ணா..."

அறை வாசலில் தங்கச்சி குழந்தையோடு நின்றாள்.

"அண்ணா, இவன் வாயத் திறக்க மாட்டேங்கறான். அழுதுட்டே இருந்தவன் பட்டுனு மூடிட்டான். விரல விட்டுப் பாத்தேன், முடியல. இறுக்கமா இருக்கு. மூக்கால மூச்சு விடறான், கண்ணுல தண்ணி வருது, ஆனா சத்தம் வரல."

மோப்பம் காதைத் தீட்டிக்கொண்டார். ஏனென்றால் சத்தம் வந்துகொண்டிருந்தது. அறைப் பக்கமிருந்து இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து... லாரிக்கு அடியில் இருந்து. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அமுக்கின மாதிரி, கொழகொழவென்று, எண்ணெய்க்குள் இருந்து ஓர் அழுகை.

தவழ்ந்து உள்ளே போய்ச் சம்ப்பில் காதை வைத்தார். அவன் குரல்தான். சந்தேகமே இல்லை. ஸ்பேனரைப் போட்டுப் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"ஐயோ அண்ணா, மூச்சு நின்னுடுச்சு! உடம்பு நீலமாகுது!"

இறுக்கினார்.

"வந்துடுச்சு... வந்துடுச்சு... என்னண்ணா பண்ற நீ?"

இந்தக் கூச்சலில் மாப்பிள்ளை விழித்துக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும்? "முடிஞ்சுதா மச்சான்? ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று மேலே இருந்து குரல் வந்தது. இவர் "வேண்டாம்டா, வேண்டாம்!" என்று கத்துவதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான்.

என்ஜின் ஓடியது. அத்தனை இரைச்சலிலும் அழுகை நின்றது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை என்ஜினை அணைத்த பிறகு அவர் வெளியே வந்தார். தங்கச்சி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பும் அழுகையுமாக, "தெறந்துட்டான் அண்ணா, வாயத் தெறந்துட்டான்" என்றாள். குழந்தை ஓர் ஏப்பம் விட்டது. கடைவாயில் இருந்து அவள் தோளில் ஏதோ வழிந்தது. கறுப்பாக, கெட்டியாக. மோப்பம் குனிந்து முகர்ந்தார். புது எண்ணெய். என்ஜின் ஓடிக் கறுத்த புது எண்ணெய், இளஞ்சூடாக. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

என்ன, ஏது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. லாரியை விற்கவில்லை. அந்தப் பிளக்கை யாரும் தொடுவதில்லை. பையன் பாலைக் கொடுத்தால் துப்பிவிடுகிறானாம். என்ஜினில் எண்ணெய் குறைந்தால் பசித்து அழுகிறானாம், ஊற்றினால்தான் அடங்குகிறானாம். ஆள் நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறானாம்.

மோப்பம் ஒரு தடவை பார்க்கப் போனார். போனவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். லாரி முகப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தங்கச்சி எண்ணெய் கேனோடு நின்றிருந்தாள். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டு... சூடு பதமாக இருக்கிறதா என்று பார்த்தாளாம்.