சீண்டல் இல்லாத பள்ளி

கல்வி என்பது இருட்டறையில் ஏற்றப்படும் விளக்கு. ஆண்டுவிழாவில் என் உரை அப்படித்தான் தொடங்கியது. எழுதித் தந்தவர் உதவித் தலைமையாசிரியர். எனக்கு அந்த மாதிரி வராது, இன்ஸ்பெக்டர்.

அன்று எங்களுக்கு 'சீண்டல் இல்லாத பள்ளி' என்று கேடயம் தந்தார்கள். அதற்காகக் கொஞ்சம் அலைந்திருந்தேன்.

அந்தப் பையனின் அம்மா தையல்காரர். முந்தைய வாரம், கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"சார், அவனுக்கு மூச்சிழுப்பு இருக்கு. விளையாட்டுச் சாமான் ரூம்ல தள்ளிக் கதவைச் சாத்துறாங்களாம். விசில்னு பட்டப்பேரு வேற."

"பசங்கன்னா அப்படித்தாம்மா. இனிமே அந்த ரூம் சாவி என் பாக்கெட்லதான் இருக்கும். போதுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சொன்ன சொல்லை நான் மீறவில்லை. சாவி என்னிடமேதான் இருந்தது.

விழாவன்று விரிப்புகள் எடுக்க அறையைத் திறந்துவிட்டிருந்தேன். பூட்டப் போனபோது வகுப்புத் தலைவனும் கூட்டாளிகளும் கதவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருமல்.

"யாருடா உள்ள?"

"விசில்தான் சார். சும்மா விளையாட்டுக்கு."

விருந்தினர் கார் வாசலில் திரும்பியது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தால் நன்றாகவா இருக்கும்? விழா முடிந்ததும் திறக்கலாம் என்று பூட்டினேன். பையன்களின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர்கள் அதுவரை வெறுமனே சாத்தத்தான் செய்திருந்தார்கள்.

மேடையின் பின்சுவருக்கு அப்பால் அந்த அறை. நட்பைப் பற்றி வாசிக்கும்போது தட்டத் தொடங்கினான். காவலாளி படியருகே வந்து, "சார், சாவி..." என்று இழுத்தார். ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். முன்வரிசையில் அந்த அம்மா. மற்ற எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

இப்போது எந்தச் சுவரருகே உட்கார்ந்தாலும் கேட்கிறது: மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி. ஒன்றுமில்லை என்கிறாள் மனைவி. நீங்கள் நாற்காலியை இழுத்துப் போடும்வரை இங்கேயும் கேட்டது.

திறந்தபோது கதவோரம் சரிந்து கிடந்தான். மூச்சில்லை. இன்ஹேலர் வகுப்பறையில், அவன் பையில் இருந்தது. பையன்களைக் கண்டிப்பாகத் தண்டியுங்கள். நான் செய்தது ஒழுங்குக்காக.

உடனே திறந்திருப்பேன். கேடயம் வாங்கியதும் புகைப்படக்காரர்தான், "சார், கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினேன். தட்டல் அப்போதுதான் நின்றது.

இரண்டாவது படத்திலும் கண்ணை மூடித்தான் இருக்கிறேன்.